மேல்வீட்டு நாற்காலி, பக்கத்து வீட்டு டிவி: ஃபிளாட்டில் சத்தம் குறைக்கும் வேலை

சத்தம் தாங்கவில்லை என்று ஃபிளாட்வாசிகள் முதலில் வாங்கி ஒட்டுவது, முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சு. சுவர் முழுக்க ஒட்டினாலும் பக்கத்து வீட்டு சீரியல் வசனம் ஒன்றுவிடாமல் கேட்கும். அந்த ஸ்பாஞ்சு நம் அறைக்குள் எழும் எதிரொலியைக் குடிக்கும், அவ்வளவுதான். சுவர் தாண்டி வருவதை நிறுத்த அதற்கு எடை இல்லை. காசு செலவழிக்கும் முன் சத்தம் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிட்டால், பாதி வீடுகளில் சுவரைத் தொடவே வேண்டியிருக்காது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சென்னையில் எங்கும் காணும் கட்டுமானம். 5 அல்லது 6 அங்குல கான்கிரீட் ஸ்லாப், அதன்மேல் டைல்ஸ். இரண்டு வீடுகளுக்கு நடுவே இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர். ஃபிளஷ் டோர், ஸ்லைடிங் ஜன்னல். படுக்கையறை 10 அடிக்கு 12 அடி, உயரம் ஒன்பதரை அடி.

முதலில் வழியைக் கண்டுபிடிப்பது

சத்தத்தில் இரண்டு வகை. பேச்சு, டிவி, பாட்டு ஆகியவை காற்றில் வருபவை. நாற்காலி இழுப்பது, இடிகல், குதிகாலால் நடப்பது, கிரைண்டர் அதிர்வு ஆகியவை கட்டடத்தின் உடம்பு வழியாக வருபவை. முதல் வகைக்குச் செய்யும் வைத்தியம் இரண்டாவதற்கு ஏறக்குறைய பலிக்காது. 6 அங்குல ஸ்லாப் மேல்வீட்டுப் பேச்சை நன்றாகவே தடுக்கும். அதே ஸ்லாப்பின் டைல்ஸ் மேல் ஒரு கரண்டி விழுந்தால் கீழே தெளிவாகக் கேட்கும். கான்கிரீட்டைத் தடிமனாக்கினாலும் இந்த இரண்டாவது குறை பெரிதாகத் தீராது, மேலே மெத்தென்று ஏதாவது இருந்தால்தான் தீரும்.

சோதனைக்கு எவர்சில்வர் டம்ளர் போதும். அதன் வாயைச் சுவரில் பதித்து அடிப்பக்கத்தில் காதை வைத்து, பொதுச் சுவர், பக்கவாட்டுச் சுவர், தூண், கதவு நிலை என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். டம்ளரில் பலமாகவும் அறை நடுவில் லேசாகவும் கேட்டால் அது அதிர்வு. டம்ளரில் கேட்பதைவிட ஜன்னலோரம் பலமாகக் கேட்டால் சத்தம் பக்கத்து வீட்டு ஜன்னலில் வெளியேறி நம் ஜன்னலில் நுழைகிறது. சுவரில் எவ்வளவு செலவு செய்தாலும் வீண். ஸ்விட்ச் போர்டுக்கு அருகில் பேச்சு திடீரென்று தெளிவானால், சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பாக்ஸ் பதித்திருக்கிறார்கள் என்று பொருள். பாத்ரூம் வென்டிலேட்டரையும் மறக்கக் கூடாது. நாலு வீட்டு வென்டிலேட்டரும் ஒரே ஷாஃப்டில் திறந்தால், மூன்றாம் மாடியில் செல்போனில் பேசுவது முதல் மாடியில் கேட்கும்.

இன்னொரு விஷயம், குற்றவாளி நேர் மேல்வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதிர்வு ஸ்லாப்பிலும் பீமிலும் ஓடுவதால் குறுக்கே இருக்கும் வீடாகவும், இரண்டு மாடி மேலே இருப்பதாகவும் இருக்கலாம். “ராத்திரி கோலிக்குண்டு உருளுது” என்ற புகாரில் பல சமயம் குழந்தையே இருக்காது. குழாயில் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது அடிக்கும் அடியாகவோ, கீசர் லைன் சூடேறி விரியும்போது கிளாம்ப்பில் உராய்வதாகவோ இருக்கும். ஒரு வாரம் நேரத்தையும் சத்தத்தின் வகையையும் ஒரு தாளில் குறித்து வைத்தால், மோட்டார் ஓடும் நேரத்தோடு பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். இந்தத் தாள் இல்லாமல் மேல்வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது.

போனில் இருக்கும் டெசிபெல் ஆப் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் அதே போன், அதே இடம், ஜன்னல் அதே நிலை, ஃபேன் ஆஃப் என்று வைத்து ஒரு நிமிடச் சராசரியை வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்தால் வித்தியாசம் உதவும். 3 டெசிபெல் குறைந்தால் கவனித்துக் கேட்டால்தான் தெரியும். 10 குறைந்தால் சத்தம் பாதியானதுபோல் காதுக்குப் படும்.

மேல்வீட்டில் செய்ய வேண்டியது

அதிர்வை அது பிறக்கும் இடத்தில் நிறுத்துவதுதான் மலிவு. சிக்கல் என்னவென்றால் அந்த இடம் இன்னொருவர் வீட்டில் இருக்கிறது. “உங்க வீட்டுச் சத்தம் தாங்கல” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடியும். வேலை செய்யும் முறை வேறு: “சார், அஞ்சு நிமிஷம் கீழ வாங்களேன். வீட்டுல யாரையாவது டைனிங் சேரை இழுக்கச் சொல்லிட்டு, எங்க ரூம்ல நின்னு கேளுங்க.” மேலே சாதாரணமாகத் தெரியும் இழுவை கீழே எப்படி இருக்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது, கேட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு வாதாடுவதில்லை. நாற்காலிக் காலில் மாட்டும் ரப்பர் புஷ் பாக்கெட்டை நாமே வாங்கிக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. அவர் கடைக்குப் போகும் நாளுக்குக் காத்திருந்தால் ஆடி போய் ஆவணி வரும்.

மரக் கால் என்றால் ஆணியோ ஸ்குரூவோ உள்ள ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி). ஒட்டும் ஃபெல்ட் நம் ஊரில் நிற்காது. தினமும் ஈரத்துணியால் தரை துடைப்பதில் பசை ஊறி, ஒரு பக்கமாக வழுக்கி, ஒரு மாதத்தில் சோபாவுக்கு அடியில் கிடக்கும். இரும்புக் குழாய்க் கால் என்றால் வெளியில் மாட்டும் ரப்பர் புஷ். அளவைக் கண்ணால் மதிப்பிடாமல், காலைச் சுற்றி நூல் வைத்து நீளத்தை 3.14-ஆல் வகுத்துக்கொண்டு போகலாம், 60 மி.மீ. வந்தால் 19 மி.மீ. புஷ், 79 வந்தால் 25. மாட்டும் முன் புஷ்ஷுக்குள் ஒரு இரும்பு வாஷர் போட வேண்டும். போடாவிட்டால் குழாயின் கூரான விளிம்பு ரப்பரை உள்ளிருந்து அறுத்து, சில மாதங்களில் மறுபடி இரும்பு டைல்ஸைத் தொடும். வெளியில் பார்த்தால் புஷ் இருக்கும், சத்தமும் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி லேசாக இருப்பதால் எல்லோரும் தூக்காமல் இழுப்பார்கள், அதற்கும் புஷ் உண்டு.

இடிகல்லுக்கு நாலாக மடித்த கோணிச் சாக்கு அல்லது 12 மி.மீ. ரப்பர் மேட். கல்லைச் சமையல் மேடையில் வைத்து இடிப்பதுதான் மோசம். மேடைக் கல்லின் ஒரு முனை சுவருக்குள் செருகப்பட்டிருப்பதால் ஒவ்வொரு இடியும் சுவர் வழியே இரண்டு வீட்டுக்குப் போகும். தரையில் சாக்கின் மேல் வைத்தால் குறையும்.

குழந்தைகள் ஓடுவதை நிறுத்தச் சொல்வது நடக்கிற காரியமில்லை. ஓடும் இடத்தில் கம்பளம், அதன் அடியில் 8 முதல் 10 மி.மீ. ரப்பர் அல்லது ஃபெல்ட் அடிவிரிப்பு. மெல்லிய கம்பளம் மட்டும் போட்டால் கீச்சுச் சத்தம் போகும், ‘தொம்’ என்பது அப்படியே இருக்கும். மேல்வீட்டில் தரையை மாற்றப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால் அதுதான் பொன்னான வாய்ப்பு: பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை; அடியில் 5 மி.மீ. ரப்பர் அல்லது கார்க் விரிப்புப் போட்டு, அதன்மேல் கலவை. சுவரோரம் சுற்றிலும் அதே விரிப்பை நிமிர்த்தி விட வேண்டும். கலவையோ ஸ்கர்ட்டிங்கோ ஒரே ஒரு இடத்தில் சுவரைத் தொட்டாலும் அதிர்வு அந்த இடத்தில் தாண்டிவிடும்.

இயந்திரங்கள்: ரப்பர் அமுங்க வேண்டும்

வாஷிங் மெஷினுக்கு அடியில் கெட்டி ரப்பர் வட்டை வைத்துவிட்டு “ஒண்ணும் குறையல” என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். காரணம் எளிய கணக்கு. ரப்பர் மேல் நிற்கும் பொருளுக்கு ஒரு சொந்த ஆட்டம் உண்டு. வினாடிக்கு எத்தனை என்பது, 15.8-ஐ ரப்பர் அமுங்கிய மி.மீ. அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும். இயந்திரத்தின் சுழற்சி இதைவிடக் குறைந்தது ஒன்றரை மடங்கு அதிகமாக இருந்தால்தான் அதிர்வு குறைய ஆரம்பிக்கும். மூன்று மடங்கு இருந்தால் நன்றாகக் குறையும்.

நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஸ்பின் ஆகும் மெஷின் என்றால் வினாடிக்கு 20. சொந்த ஆட்டத்தை இதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவர ரப்பர் ஐந்தரை மி.மீ. அமுங்க வேண்டும். 1 மி.மீ. அமுங்கினால் அதிர்வு குறையாது, கூடக்கூடச் செய்யும். அதற்காகப் பஞ்சு போன்ற ரப்பரை வைத்தால் மெஷின் நடனமாடி இடம் பெயரும். இதற்குச் சரியான வழி எடை சேர்ப்பது: 2 அடிக்கு 2 அடி, ஒன்றரை அங்குலக் கடப்பா கல், சுமார் 38 கிலோ. கல்லுக்கு அடியில் நாலு மூலையிலும் மெத்தென்ற ரப்பர் மவுண்ட், கல்லின் மேல் மெஷின். கல் சுவரைத் தொடக் கூடாது, சுற்றிலும் ஒரு விரல் இடம். இதற்கெல்லாம் முன், ரசமட்டம் வைத்து நாலு காலும் சமமா என்று பார்க்க வேண்டும். புதிதாக வந்த ஃபிரண்ட் லோட் மெஷின் கட்டடத்தையே ஆட்டுகிறது என்றால், வண்டியில் வரும்போது ஆடாதபடி டிரம்மைப் பிடித்திருக்கும் டிரான்சிட் போல்ட்டைப் பின்பக்கத்தில் கழற்றாமல் விட்டிருப்பார்கள்.

சம்ப் மோட்டார் இதைவிடச் சுலபம். 2900 சுற்று, அதாவது வினாடிக்கு 48. ரப்பர் 1 மி.மீ. அமுங்கினாலே மூன்று மடங்கு கிடைத்துவிடும், வரிவரியான சாதாரண ரப்பர் பேடே போதும். ஆனால் பேடைப் போட்டுவிட்டு ஃபவுண்டேஷன் போல்ட்டை இறுக்கினால் அதிர்வு போல்ட் வழியாகப் போகும். போல்ட்டுக்கும் ரப்பர் வாஷரும் ஸ்லீவும் வேண்டும். அடுத்தது குழாய். மோட்டாரை விட்டு வெளியே வரும் இடத்தில் ரப்பர் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பான ரப்பர் இணைப்பு) வைக்காவிட்டால் குழாயே மூன்று மாடிக்கும் அதிர்வைத் தூக்கிக்கொண்டு ஏறும். சுவரில் குழாயைப் பிடிக்கும் கிளாம்ப்புக்குள் 3 மி.மீ. ரப்பர் பட்டை சுற்ற வேண்டும். மோட்டார் நிற்கும் நொடியில் ‘டொம்’ என்று அடித்தால் அது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வின் தட்டு மூடும் சத்தம். ஸ்பிரிங் வைத்த வால்வாக மாற்றினால் தண்ணீர் திரும்பி வேகமெடுக்கும் முன்பே மூடிக்கொள்ளும்.

ஓட்டைகள்

இது நம் வீட்டுக்குள்ளேயே செய்யும் வேலை, யாரையும் கேட்க வேண்டாம்.

7 அடிக்கு 3 அடி கதவில் அடியில் 12 மி.மீ. இடைவெளி என்பது கதவின் பரப்பில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கீற்று ஒன்றே கதவின் தடுப்பை 22 டெசிபெலுக்கு மேல் போகவிடாது, கதவைத் தேக்கில் செய்தாலும் சரி. 5 மி.மீ. ஆக்கினால் வரம்பு 26-க்கு ஏறும். அடியில் கதவு மூடும்போது தானே இறங்கும் டிராப் சீல், இல்லாவிட்டால் ரப்பர் நாக்கு உள்ள அலுமினியப் பட்டி. நிலையின் மூன்று பக்கமும் ஒட்டும் ஈபிடிஎம் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) பட்டை. ரப்பரின் தடிமனை அறிய, கதவுக்கும் நிலைக்கும் நடுவே சப்பாத்தி மாவு உருண்டையை வைத்து மூடி, நசுங்கிய தடிமனை அளந்தால் போதும்; அதைவிட 1 முதல் 2 மி.மீ. அதிகமான ரப்பர் வாங்க வேண்டும். அதற்கு மேல் போனால் தாழ்ப்பாள் விழாது. ஈரமான மாதங்களில் மரம் ஊதும் என்பதால் இந்த வேலையைக் கோடையில் இறுக்கமாகச் செய்துவிட்டால் ஐப்பசியில் கதவு சிக்கும்.

ஸ்விட்ச் பாக்ஸுக்கு முதலில் மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரில் உறுதிப்படுத்திக்கொண்டு பிளேட்டைக் கழற்ற வேண்டும். பாக்ஸின் வெளிப்புறம் சுற்றியுள்ள பொந்தைச் சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். வயர் வரும் பைப் வாயைக் கையால் பிசையும் டக்ட் சீல் புட்டியால் அடைக்கலாம். பாக்ஸுக்குள்ளேயே ஃபோம் ஸ்பிரே அடிப்பது ஆபத்து: அது எரியும், பின்னால் வயரையும் தொட முடியாது. ஏசி பைப் போகும் ஓட்டையில் பெரும்பாலும் வெள்ளைப் புட்டியை மேலாகப் பூசி மறைத்திருப்பார்கள். குத்திப் பார்த்தால் உள்ளே காலி. முழு ஆழத்துக்கும் அடைக்க வேண்டும்.

ஸ்லைடிங் ஜன்னல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டிராக்கில் காற்று போகும், சத்தமும் போகும். மாற்ற முடிந்தால் கதவுபோல் கீலில் திறக்கும் கேஸ்மென்ட். முடியாவிட்டால் உள்பக்கம் 100 மி.மீ. தள்ளி 6 மி.மீ. கண்ணாடியில் இரண்டாவது ஜன்னல். வெளிக்கண்ணாடி 5 மி.மீ. என்றால் உள்ளே அதே 5 வேண்டாம், இரண்டும் ஒரே சுருதியில் அதிரும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஜன்னலை மூடினால்தான் இதெல்லாம். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் இந்தச் செலவுக்கு அர்த்தமில்லை.

சுவர்

ஓட்டைகளை அடைத்த பிறகும் பக்கத்து வீட்டுப் பேச்சு புரிகிறது என்றால்தான் சுவர் வேலை. பூச்சோடு சேர்த்து நாலரை அங்குலச் சுவரின் எடை சதுர மீட்டருக்கு சுமார் 270 கிலோ. எடையை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது ஏறக்குறைய 6 டெசிபெல். அதற்கு இன்னொரு செங்கல் சுவர் எழுப்ப வேண்டும், 12 அடிச் சுவருக்குக் கிட்டத்தட்ட 3 டன். ஸ்லாப்பின் மேல் அதை ஏற்ற ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் சம்மதிக்க மாட்டார். எனவே இடைவெளி விட்ட ஜிப்சம் அடுக்கு.

இடைவெளி ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு அடுக்குகளும் நடுவில் உள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங் போல ஒரு குறிப்பிட்ட சுருதியில் சேர்ந்து ஆடும். அந்தச் சுருதியில் சத்தம் முன்பைவிடக் கூடுதலாக வரும். சுவரிலிருந்து 1 அங்குலம் விட்டு ஒற்றை ஜிப்சம் போட்டால் அது 130 ஹெர்ட்ஸ் பக்கம், ஆண்குரலின் அடிச்சுருதியும் டிவியின் கும்கும்மும் இருக்கும் இடம். 82 மி.மீ. விட்டு இரட்டை ஜிப்சம் போட்டால் 50-க்கு இறங்கி, காதுக்கு எட்டுவது குறைந்துவிடும். 1 அங்குலம் மிச்சம் பிடிக்கப்போய் வேலையைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான்.

12 அடிக்கு ஒன்பதரை அடிச் சுவருக்கு (114 சதுர அடி) வாங்க வேண்டியவை: 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு, 6 அடிக்கு 4 அடி, 12 எண்ணம், 70 மி.மீ. ஸ்டட் (போர்டைத் தாங்கும் செங்குத்துத் தகரச் சட்டம்) 10; தரைக்கும் கூரைக்கும் 12 அடி டிராக் (ஸ்டட்டின் முனைகள் உட்காரும் தகரச் சட்டம்) 2; 50 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) 10.6 சதுர மீட்டர். முதல் அடுக்குக்கு 25 மி.மீ., இரண்டாவதற்கு 38 மி.மீ. ஸ்குரூ, காய்ந்தாலும் இளகலாக இருக்கும் அகூஸ்டிக் சீலன்ட் 300 மில்லி டியூப் 7 அல்லது 8, டிராக் அடியில் ஒட்ட ஃபோம் டேப். சீலன்ட் கணக்கு பலருக்கு அதிகமாகத் தோன்றும். சுற்றளவு 13 மீட்டர், போர்டைச் சுற்றி விடும் இடைவெளி 6 மி.மீ., போர்டு தடிமன் 12.5, ஒரு அடுக்குக்கே கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வருகிறது.

டிராக்கைச் சுவரிலிருந்து 12 மி.மீ. தள்ளி, தரையிலும் கூரையிலும் மட்டும் அடிக்க வேண்டும். ஸ்டட் 16 அங்குலத்துக்கு ஒன்று. இங்கேதான் வேலை கெடும்: ஒன்பதரை அடி உயரத்தில் ஸ்டட் லேசாக ஆடும், ஜிப்சம் வேலைக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு எல்-கிளிப்பை எடுத்துப் பழைய சுவரோடு சேர்த்து முடுக்கிவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது நல்ல வேலை. சத்தத்துக்கு அது பாலம். 50 மி.மீ. ஸ்டட் வேண்டாம், 70 போடுவோம் என்பது இதற்காகத்தான். அப்படியும் பிடிமானம் தேவைப்பட்டால் நடுவில் ரப்பர் உள்ள கிளிப் மட்டும். வேலை நடக்கும்போது ஆள் கூடவே நிற்க வேண்டிய கட்டம் இது ஒன்றுதான். போர்டு ஏறிவிட்டால் உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரியாது.

ராக்வூலை ஸ்டட்டுகளுக்கு நடுவே தளர்வாக நிறுத்த வேண்டும், அமுக்கித் திணிக்கக் கூடாது. முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொட்டால் இரவெல்லாம் அரிக்கும். போர்டைத் தரையில் உட்கார வைக்காமல் 6 மி.மீ. தூக்கி, சுற்றிலும் அதே இடைவெளி விட்டு, சீலன்ட் நிரப்ப வேண்டும். இரண்டாவது அடுக்கின் இணைப்புகள் முதல் அடுக்கின் இணைப்புகள் மேல் விழக் கூடாது. இந்தச் சுவரில் புதிதாக ஸ்விட்ச் பாக்ஸ் வேண்டாம். பிளக் தேவை என்றால் பக்கச் சுவரில். அறையில் போவது 107 மி.மீ., நாலேகால் அங்குலம். கட்டில் போட்டு அலமாரிக் கதவு திறக்குமா என்று முதலிலேயே அளந்துகொள்ளலாம்.

கூரையில் இதே வேலையை ரப்பர் ஹேங்கர் வைத்துச் செய்யலாம். 4 முதல் 5 அங்குல உயரம் போகும், ஃபேன் கொக்கியை ஸ்லாப்பிலிருந்தே இறக்கி, கம்பி போகும் ஓட்டையை ரப்பர் வளையத்தால் அடைக்க வேண்டும். மேல்வீட்டு நடைச்சத்தம் பக்கச் சுவர்கள் வழியாகவும் இறங்குவதால் செலவுக்கேற்ற பலன் கிடைக்காது. மேலே புஷ், கம்பளம் எதற்கும் வழியில்லாதபோது மட்டும்தான் இது.

புகார்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் வரம்பு. இரவு என்பது 10 முதல் காலை 6 வரை. குடியிருப்புப் பகுதியில் அந்த நேரத்தில் சத்தம் எழுப்பும் கட்டுமானக் கருவி ஓடக் கூடாது. ஒருவர் வீட்டு ஸ்பீக்கர் சத்தம் அவர் இட எல்லையில் அந்தப் பகுதியின் வரம்பைவிட 5 டெசிபெலுக்கு மேல் கூடக் கூடாது. இரவு ஸ்பீக்கருக்கும் டிரில்லுக்கும் போலீசைக் கூப்பிட இது போதும். நாற்காலி இழுப்பதற்கும் கிரைண்டருக்கும் இந்த விதியைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அதற்கு அசோசியேஷன் பைலாதான் இடம். “அமைதி காக்க வேண்டும்” என்று பொதுவாக எழுதுவதைவிட, இரவு 10 முதல் காலை 6 வரை கிரைண்டர், ஸ்பின், டிரில், மேசை நாற்காலி நகர்த்தல் இல்லை என்று பெயர் சொல்லி எழுதித் தீர்மானம் போட வேண்டும். செக்ரட்டரிக்குக் கொடுக்கும் கடிதத்தில் தேதி, நேரம், சத்தத்தின் வகை, எத்தனை நிமிடம் என்ற நாலு கட்டத் தாளை இணைக்கலாம். போன் ஆப் காட்டிய எண்ணை அதில் எழுதாமல் இருப்பது நல்லது. எதிர்த்தரப்பு அந்த ஆப்பைப் பிடித்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் விட்டுவிடும்.